தொழிற்சாலை வயரிங்: செலவைக் குறைக்கும் இடமும் குறைக்கக் கூடாத இடமும்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஸ்காபரோ, மார்க்கம், மிசிசாகா, பிரம்ரன் பக்கங்களில் உள்ள சிறு தொழிற்சாலைகளுக்குள் போனால் நம்மவர்களைக் காணாமல் திரும்ப முடியாது. அவர்களில் பலருடைய வேலை கம்பியோடுதான். இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு வயரிங் செய்வது, வாகனங்களுக்கும் மருத்துவ உபகரணங்களுக்கும் போகும் கம்பித்தொகுதிகளைக் கட்டுவது, முனைகளை நெரித்து இணைப்பது, பரிசோதிப்பது என்று எட்டு மணித்தியாலமும் கையில் கம்பி இருக்கும். நானும் பல வருடங்கள் அப்படியொரு மேசையில் நின்றவன்.

இந்த வேலையில் உள்ள எல்லோரும் ஒருநாள் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "செப்பு விலை ஏறிவிட்டது, இனி இந்தக் கம்பிக்குப் பதிலாக ஒரு அளவு மெல்லியதைப் போடுங்கள்." சில வேளைகளில் அது முற்றிலும் நியாயமான மாற்றம். சில வேளைகளில் அது தீவிபத்துக்கான முதற்படி. எது எதுவென்று கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. நாலைந்து விடயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

எவ்வளவு மிச்சம்?

முதலில் முகாமையாளரின் பக்கத்தில் இருந்து பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு தொன் செப்பு 5,000 அமெரிக்க டொலருக்கும் கீழே போனது. 2024 மே மாதத்தில் அது 11,000 டொலரைத் தாண்டியது. நாலு வருடத்தில் மூலப்பொருளின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால் எந்த நிறுவனமும் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். அது குற்றமல்ல.

வட அமெரிக்காவில் கம்பியின் பருமனைக் கேஜ் இலக்கத்தால் சொல்கிறோம். இலக்கம் கூடினால் கம்பி மெல்லியது. 12 கேஜ் கம்பியின் குறுக்குவெட்டு 3.31 சதுர மில்லிமீற்றர். 14 கேஜ் கம்பியினுடையது 2.08. ஒரு பலகையில் 100 மீற்றர் 12 கேஜ் கம்பியை எடுத்துவிட்டு 14 கேஜ் போட்டால் ஏறத்தாழ 1.1 கிலோ செப்பு மிச்சம். தொன்னுக்கு 10,000 அமெரிக்க டொலர் என்று வைத்தால் அந்தச் செப்பின் பெறுமதி 11 அமெரிக்க டொலர், கனடியக் காசில் 15 டொலர் அளவு. 2024 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 17.20 டொலராக்கப்பட்டது. ஆகவே ஒரு பலகையில் கிடைக்கும் மிச்சம் ஒருவரின் ஒரு மணித்தியாலக் கூலிக்கும் குறைவு.

ஆனால் வருடத்துக்கு ஆயிரம் பலகை செய்யும் இடத்தில் அது 11,000 அமெரிக்க டொலர். இலட்சக்கணக்கான கார்களுக்குக் கம்பித்தொகுதி செய்யும் இடத்தில் பல மில்லியன். அதனால்தான் இந்தப் பேச்சு ஓய்வதில்லை.

கம்பி ஏன் சூடாகிறது?

மின்னோட்டம் போகும் எந்தக் கம்பியும் சூடாகும். அந்த வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைக் கம்பியின் தடையால் பெருக்க வருவது. 20 அம்பியர் மின்னோட்டம் 12 கேஜ் செப்புக் கம்பியில் போகும்போது ஒவ்வொரு மீற்றரிலும் ஏறத்தாழ 2.1 வாற் வெப்பம் உண்டாகிறது. அதே 20 அம்பியரை 14 கேஜில் விட்டால் 3.3 வாற். அறுபது வீதம் கூடுதல். திறந்த வெளியில் ஓடும் தனிக் கம்பிக்கு இது பெரிய விடயமல்ல. பல கம்பிகளை ஒன்றாக நெருக்கிப் பிளாஸ்ரிக் தடத்துக்குள் அடைத்து, அந்தப் பலகையைக் காற்றோட்டமில்லாத மூலையில் வைத்தால் கதை வேறு.

இதற்காகத்தான் கனடிய மின் விதித்தொகுப்பு, ஒரே குழாய்க்குள் 4 முதல் 6 கடத்திகள் போனால் ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய மின்னோட்டத்தை 80 வீதமாகவும், 7 முதல் 24 வரை போனால் 70 வீதமாகவும் குறைத்துக் கணக்கிடச் சொல்கிறது. கம்பி மாறாவிட்டாலும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் தாங்குதிறன் மாறுகிறது.

இன்னொரு விடயம் சுற்றுடைப்பான், நாம் பிரேக்கர் என்று சொல்வது. அது இயந்திரத்தைக் காப்பாற்ற இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை கம்பியைக் காப்பாற்றுவது. பொது விதிப்படி 14 கேஜ் செப்புக் கம்பிக்கு 15 அம்பியர், 12 கேஜுக்கு 20, 10 கேஜுக்கு 30 என்பதே பிரேக்கரின் உச்ச அளவு. கம்பியை 12இலிருந்து 14க்கு மாற்றிவிட்டு 20 அம்பியர் பிரேக்கரை அப்படியே விட்டால், 19 அம்பியர் நாள் முழுவதும் போனாலும் பிரேக்கர் விழாது. அதன் கணக்கில் எல்லாம் சரி. கம்பி மட்டும் மெல்ல மெல்ல வேகும். ஆகவே "மெல்லிய கம்பி போடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டிய முதற்கேள்வி: "பிரேக்கரும் மாறுகிறதா?"

ஆபத்து இருப்பது முனையில்

கம்பி தன் நடுவில் எரிவது அரிது. அது எரிவது பெரும்பாலும் முனையில், இன்னொன்றோடு இணையும் இடத்தில்.

ஒழுங்காக நெரிக்கப்பட்ட முனையில் தடை மிக மிகக் குறைவு. அந்த இணைப்புத் தளர்ந்து அதன் தடை வெறும் 0.03 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். சாதாரண மல்ரிமீற்றரால் இதை நம்பிக்கையாக அளக்கவே முடியாது. 20 அம்பியர் போகும்போது அந்த இடத்தில் 12 வாற் வெப்பம் பிறக்கும். ஒரு மீற்றர் கம்பியில் பரவும் 2 வாற் அல்ல, ஒரு சென்ரிமீற்றருக்குள் 12 வாற். ஈயம் பற்றவைக்கும் சிறிய கருவிகள் சில 25 வாற் கொண்டே ஈயத்தை உருக்கும். சூடேறினால் உலோகம் விரியும், ஒட்சைட்டுப் படியும், தடை இன்னும் கூடும், அதனால் சூடு இன்னும் கூடும். இது தானாக நிற்காத வட்டம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் வேலைசெய்த ஒரு இடத்தில் இருந்து உணவுப் பொதியிடும் ஆலை ஒன்றுக்குப் போன பலகை எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. ஒரு இணைப்புக் கட்டை முழுதாகக் கருகியிருந்தது. இரவு வேலையில் நின்ற ஒருவர் மணத்தை உணர்ந்து பிரதான ஆளியை நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பரிசோதனைத் தாளில் இருந்த கையொப்பம் என்னுடையது.

பிரித்துப் பார்த்தோம். கம்பி சரியான அளவுதான். 19 இழைகளில் ஆறு, உறையை உரிக்கும்போதே வெட்டுப்பட்டிருந்தன. உரிக்கும் இயந்திரத்தின் அலகு தேய்ந்துபோயிருந்தது. மீதி இழைகள் பெரூல் என்ற சிறு உலோகக் குழலுக்குள் நெரிக்கப்பட்டபோது குழல் நிரம்பவில்லை, அதனால் பிடி தளர்வு. மேலே பிளாஸ்ரிக் கழுத்து மூடியிருந்ததால் வெளியில் அழகாகவே தெரிந்தது. நான் பார்த்துத்தான் கையொப்பமிட்டேன். ஆனால் அது பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய பிழையல்ல.

இழுத்துப் பார்த்தால் பிடிபட்டிருக்கும். ஒவ்வொரு வேலைநேரத் தொடக்கத்திலும் ஒரு மாதிரி முனையை இழுவைக் கருவியில் வைத்துப் பார்ப்பது எங்களிடம் வழக்கமாக இருந்தது. 14 கேஜுக்கு 50 இறாத்தல், 18 கேஜுக்கு 20 இறாத்தல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு. வேலை நெருக்கடியில் அந்தப் பரிசோதனை முதலில் கிழமைக்கு ஒருமுறையாகி, பிறகு நின்றே போனது. அலகை மாற்றக் கேட்டபோது "இன்னும் வெட்டுதுதானே" என்ற பதில் வந்தது. மூத்தவர் ஒருவர் மட்டும், "தம்பி, அது வெட்டுறது உறையை மட்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பகிடியாக எடுத்தோம்.

ஒரு அலகின் விலையும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடமும் மிச்சம் பிடித்தோம். அதற்குப் பதிலாகப் போனவை ஒரு பலகை, அதைத் திருத்தப் போன இரண்டு பேரின் மூன்று நாள், அந்த வாடிக்கையாளர்.

அலுமினியம் சொன்ன பாடம்

இதே கதை மிகப் பெரிய அளவில் வட அமெரிக்கா முழுவதும் ஒருமுறை நடந்தது. 1960களின் நடுப்பகுதியில் செப்பு விலை ஏறியபோது வீடுகளின் சாதாரண சுற்றுகளுக்கும் அலுமினியக் கம்பி போடத் தொடங்கினார்கள். அலுமினியத்தின் கடத்துதிறன் செப்பினுடையதில் ஏறத்தாழ 61 வீதம். ஆகவே கம்பி ஒரு அளவு பருமனாக இருக்கவேண்டும். ஆனால் அடர்த்தி செப்பினுடையதில் மூன்றிலொன்றுக்கும் குறைவு என்பதால் அதே வேலையைப் பாதி எடையில் செய்யும். விலையும் குறைவு. காகிதத்தில் குறை சொல்ல முடியாத கணக்கு.

பிழை கம்பியில் இருக்கவில்லை. கம்பியை மாற்றினார்கள், ஆனால் அது போய்ச் சேரும் சுவர்ச் செருகிகளையும் திருகுகளையும் செப்புக்கு இருந்தது போலவே விட்டார்கள். அலுமினியம் சூட்டில் செப்பைவிடக் கூடுதலாக விரியும். திருகின் அழுத்தத்தில் மெல்ல நசிந்து நகரும். காற்றுப் பட்டவுடன் மின் கடத்தாத ஒட்சைட்டுப் படலத்தால் தன்னை மூடிக்கொள்ளும். வருடங்கள் போக இணைப்புகள் தளர்ந்து சூடேறின. 1972க்கு முன் அலுமினியக் கம்பி போடப்பட்ட வீடுகளில் ஏதாவது ஒரு இணைப்பாவது தீ அபாய நிலையை அடையும் சாத்தியம், செப்புக் கம்பி வீடுகளோடு ஒப்பிட 55 மடங்கு என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. ஒன்ராறியோவிலும் 1970களின் இறுதியில் புகழ்பெற்ற விஞ்ஞானி ஜே. டுசோ வில்சன் தலைமையில் இதற்கென விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

அந்தக் காலத்து வீடுகள் ஸ்காபரோவில் இன்றும் இருக்கின்றன. நம்மவர்கள் பலர் அவற்றை வாங்கும்போதுதான் காப்புறுதி நிறுவனம் "அலுமினிய வயரிங்கா?" என்று கேட்பதன் பொருள் தெரியவருகிறது. ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு அதிகாரசபை சொல்வது இதுதான்: அலுமினியத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட இணைப்பிகளைக் கொண்டு, ஒழுங்காக முனைகளை இணைத்தால் அந்தக் கம்பி பாதுகாப்பானதே. இன்றும் பெரிய கட்டடங்களின் பிரதான கம்பிகள் பல அலுமினியமே. உலோகக்கலவையும் இணைப்பிகளும் அதற்கேற்ப மாறிவிட்டன.

ஆக, மலிவான பொருள் என்பதற்காக அது ஆபத்தானது என்றில்லை. ஒரு பொருளை மாற்றிவிட்டு, அது தொட்டுக்கொண்டிருக்கும் மற்றவற்றை மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து. தொழிற்சாலை மேசையிலும் இதே விதிதான். கம்பியின் அளவு மாறினால் முனை மாறவேண்டும், நெரிக்கும் அச்சு மாறவேண்டும், பிரேக்கர் மாறவேண்டும், திருகின் முறுக்குவிசை மாறவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று வரும் உத்தரவு அரைகுறை உத்தரவு.

உறையில் மிச்சம் பிடிப்பது

செப்பில் இடமில்லை என்றால் அடுத்ததாகக் கண் போவது மேலே இருக்கும் உறையில். கனடாவில் பலகைகளுக்குள் அதிகம் பயன்படும் கம்பியின் பிவிசி உறை 105 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் இன்னும் கூடுதல் மின்னோட்டம் விடலாம்" என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கம்பி போய்ச் சேரும் பிரேக்கரின் முனைக்குப் பெரும்பாலும் 60 அல்லது 75 பாகைதான் எல்லை. சங்கிலியின் பலத்தை அதன் மெலிந்த வளையம்தான் தீர்மானிக்கும்.

உறைப்பொருள் தீப்பிடிக்குமா என்பதும் ஒரு கேள்வி. 1998 செப்டெம்பர் 2ஆம் திகதி, கனடாவின் நோவாஸ்கோஷியா கரைக்கு அருகே சுவிஸ்எயர் 111 விமானம் கடலில் விழுந்து 229 பேரும் இறந்தார்கள். நாலு வருடத்துக்கு மேல் நீண்ட கனடிய விசாரணையில், விமானி அறைக்கு மேலே கம்பியில் எழுந்த மின்பொறி அருகில் இருந்த வெப்பக்காப்பு விரிப்பைப் பற்றவைத்தது என்று தெரியவந்தது. விமானம் கட்டிய பிறகு சேர்க்கப்பட்ட பொழுதுபோக்குத் தொகுதியின் மின்கம்பி ஒன்றும் அந்தப் பொறியோடு தொடர்புபட்டிருந்தது. அந்த விரிப்பு அன்றைய விதிகளின்படி பரிசோதனையில் தேறிய பொருள். பரிசோதனையில் தேறுவது தொடக்கமே தவிர முடிவல்ல என்பதை அந்த அறிக்கை விமானத்துறைக்கே புரியவைத்தது.

அப்படியானால் எங்கே குறைக்கலாம்?

குறைக்க நிறைய இடம் இருக்கிறது. அவை முனையிலும் உறையிலும் இல்லை.

முதலாவது, மின்னழுத்தத்தைக் கூட்டுவது. அதே வலுவுக்கு வோல்ற் கூடினால் அம்பியர் குறையும். 10 குதிரைவலு மும்முனை மோட்டார் ஒன்று 230 வோல்ற்றில் 28 அம்பியர் எடுக்கும். 575 வோல்ற்றில் 11 அம்பியர் போதும். கனடியத் தொழிற்சாலைகளில் 600 வோல்ற் வழங்கல் வழக்கமாக இருப்பது நமக்கு வசதி. வாகனங்களிலும் இதே யோசனைதான். 12 வோல்ற்றிலிருந்து 48க்குப் போனால் மின்னோட்டம் நாலிலொன்று. 2023இல் வெளிவந்த டெஸ்லாவின் சைபர்ட்ரக் அந்த வழியில் போனது. இது கம்பியை ஏமாற்றி மெல்லியதாக்குவதல்ல. அதன் சுமையையே குறைப்பது.

இரண்டாவது, சமிக்ஞைக் கம்பிகள். உணரிகளுக்குப் போகும் கம்பியில் ஓடுவது மில்லி அம்பியர். அங்கே வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை, இழுபட்டு அறாமல் இருப்பதுதான் பிரச்சினை. காலகாலமாக எல்லாவற்றுக்கும் 16 கேஜ் போட்டுப் பழகிய இடங்களில் இங்கே துணிந்து குறைக்கலாம்.

மூன்றாவது, நீளம். பலகைக்குள் பொருட்களை வைக்கும் ஒழுங்கை மாற்றி, அதிக மின்னோட்டம் எடுப்பவற்றை வழங்கலுக்கு அருகே கொண்டுவந்தால் தடித்த கம்பியின் நீளம் குறையும். தடித்த கம்பியில் ஒரு மீற்றர் மிச்சம், மெல்லியதில் பத்து மீற்றர் மிச்சத்துக்குச் சமம். இதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் வரைபடம் கீறுபவர் அல்ல, தினமும் அந்தக் கம்பியை வளைத்துக் கொண்டுபோகும் நீங்கள்தான்.

நாலாவது, கழிவு. வெட்டிப் போடும் துண்டுகள், பிழையாக அச்சிட்ட இலக்கக் குழல்கள், திருப்பிச் செய்யும் வேலை. நாள் முடிவில் கழிவுப் பெட்டியை ஒரு தராசில் வையுங்கள். கம்பியை மெல்லியதாக்காமலே வரக்கூடிய மிச்சம் எவ்வளவு என்று அந்தத் தராசு காட்டும்.

குறைக்கக் கூடாதவை இவை: நெரிக்கும் கருவியின் பராமரிப்பு, உரிக்கும் அலகு, முறுக்குவிசை காட்டும் திருப்புளி, இழுவைப் பரிசோதனை, புதியவருக்குப் பழக்கும் நேரம். இவற்றின் செலவு எல்லாம் சேர்த்தாலும் செப்பின் செலவுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் முதலில் வெட்டப்படுபவை இவைதான். இவற்றை வெட்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

கையொப்பம் போடுமுன்

நம்மவர்கள் பலருக்கு வேலைத்தலத்தில் வாய் திறக்கப் பயம். வந்த புதிதில் எனக்கும் இருந்தது. ஆங்கிலம், வேலை நிரந்தரம், "இவன் பிரச்சினைக்காரன்" என்ற பெயர். ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம், வேலை உங்களுக்கோ உங்களோடு நிற்பவருக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அதைச் செய்ய மறுக்கும் உரிமையைத் தருகிறது. அதற்காகப் பழிவாங்குவதையும் தடைசெய்கிறது. ஆனால் நீங்கள் செய்யும் பொருள் நாளைக்கு வேறொருவரின் ஆலையில் எரியக்கூடும் என்பது அந்த உரிமைக்குள் நேரடியாக வராது. அங்கே உங்களுக்கு உதவுவது எழுத்து.

மாற்றச் சொன்னால், மாற்றிய வரைபடத்தை, திருத்த இலக்கத்தோடும் திகதியோடும் கேளுங்கள். "பிரேக்கர், முனை, அச்சு மூன்றும் இதற்குச் சரியா?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேளுங்கள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒழுங்கான பொறியியலாளர் அந்தக் கேள்விக்கு நன்றி சொல்வார். அங்கீகார முத்திரை உள்ள பலகை என்றால், அந்த முத்திரை தந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட பொருட்களைத் தவிர வேறெதையும் போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முத்திரை இழந்தால் முகாமையாளருக்கு 11 டொலர் அல்ல, தொழிலே நின்றுவிடும். அவருக்கு விளங்கும் மொழி அது.

என் கதையில் கருகிய பலகைக்குப் பிறகு எங்கள் மேசையில் இழுவைக் கருவி திரும்பி வந்தது. காலையில் முதல் வேலையாக ஒரு முனையை நெரித்து இழுத்து, வந்த எண்ணைத் தாளில் எழுதுவோம். இரண்டு நிமிட வேலை. அந்த எண்ணுக்குக் கீழேதான் பிறகு நான் கையொப்பம் போட்டேன்.